ஏழாவது குஞ்சலம்

வசந்தம் வந்தால் மற்றவர்களுக்கெல்லாம் மனசு மலரும். டெய்லருக்கு மட்டும் பயம் வரும். மரம் துளிர்க்கிற நேரம் பார்த்துப் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள். விட்டதும் அவன் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடும். பிள்ளைகள் பாடப் புத்தகத்தைத் தொடக் கூடாது. மண்ணைத் தொடலாம், இலையைத் தொடலாம், புழுவைத் தொடலாம். வெளியே எது முளைக்கிறதோ, எது ஊர்கிறதோ, அதையெல்லாம் தொட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். சட்டம் போட்டவள் அவன் மனைவி. நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தே மரம் மட்டைகளைப் பார்க்கிறவளுக்குத்தானே தெரியும், தொட்டுப் பார்ப்பதன் அருமை.

சட்டத்தில் குறை ஒன்றுமில்லை. குறையெல்லாம் டெய்லரிடம்தான்.

அவன் எதையும் முறையாகச் செய்கிறவன். செய்து முடித்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று சந்தேகப்படுகிறவன். சந்தேகம் வந்தால் மறுபடியும் அளந்து பார்ப்பான். துணிக்கு அது நல்ல குணம். பட்டாணிக்கு அவ்வளவு நல்லதில்லை. முதல் வருஷம் பிள்ளைகள் தொட்டியில் விதைத்த பட்டாணியை, வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் தோண்டி எடுத்து, டேப் வைத்து அளந்து, அதே குழியில் பத்திரமாகப் புதைத்து வைத்தான். பட்டாணியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் அழுகிப்போனது. அடுத்த வருஷம் குருவிகளுக்கு ஊஞ்சல் தைத்தான். ஓரத்தை மடித்து, உள்ளே லைனிங் கொடுத்து, அடியில் பஞ்சு வைத்து, அப்படி ஓர் ஊஞ்சல். எதிர்வீட்டுப் பூனை அதில் ஏறிப் படுத்ததுதான், வெயில் காலம் வரை இறங்கவே இல்லை. குருவிகள் தெருவையே மாற்றிக்கொண்டன.

இந்த வருஷம் புழு.

பேருந்து டிப்போவின் வேலியோரம் நிற்கும் அரளியில் ஐந்து புழுக்கள் இருப்பதை மனைவிதான் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். பழுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட உடம்பு, முதுகில் ஜோடி ஜோடியாகக் கறுப்புக் கொம்பு. அன்று சாயங்காலமே மூத்த மகள் அவற்றை இலையோடு ஓர் அட்டைப்பெட்டிக்குள் குடிவைத்துக் கொண்டுவந்துவிட்டாள். அவளுக்கு ஒன்பது வயதுதான். ஆனால் அவள் விசாரிக்கிற தோரணையைப் பார்த்து வீட்டில் எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இளையவளுக்கு நாலு வயது, அவளுக்குப் பெயர் எதிரொலி. யார் எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்வாள்.

"அரளி விஷம். இலையைத் தொட்டா சோப்பு போட்டுக் கையைக் கழுவணும்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"கழுவணும்," என்றாள் எதிரொலி.

"பெட்டியை யாரும் திறந்து பாக்கக் கூடாது. முக்கியமா அப்பா."

"அப்பா!"

"நான் என்னடி பண்ணப்போறேன்?" என்று டெய்லர் கேட்டான்.

"பட்டாணி," என்றாள் இன்ஸ்பெக்டர்.

வீட்டின் முன்னறைதான் கடை. பெட்டியை வைக்க வேறு இடமில்லாமல் துணி அலமாரியின் நடுத்தட்டில் வைத்தார்கள். கடையை மூடும்போது டெய்லர் வழக்கம்போல ஒவ்வொரு தட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அந்துருண்டை. பூச்சி அரித்துவிடக் கூடாது என்று வருஷக்கணக்காகச் செய்துவரும் வேலை. கை தன் பாட்டுக்குப் போனது. நடுத்தட்டு வந்ததும் ஒரு கணம் நின்றான். பாவம், பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவந்த புழு. அதைப் போய் ஏதாவது பூச்சி அரித்துவிட்டால்?

பெட்டி மூடியை லேசாகத் தூக்கி, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டான்.

காலையில் பெட்டி காலி. நாற்றம் தாங்காமல் ஐந்தும் குடும்பத்தோடு வெளிநடப்புச் செய்திருந்தன. திரைச்சீலையில் ஒன்று, இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில் ஒன்று, தையல் மெஷின் சக்கரத்தில் ஒன்று. நாலாவதைக் கண்டுபிடித்தது ஒரு பயணி. காலை வண்டியை எடுத்துக்கொண்டு போன மனைவியிடம் முதல் நிறுத்தத்திலேயே, "டிரைவரம்மா, உங்க தொப்பியில ஒண்ணு நடந்து போகுது. டிக்கெட் எடுத்திருக்கா?" என்று கேட்டாராம். ஐந்தாவது எங்கே போனது என்று தெரியவே இல்லை.

"உலகத்துலயே புழுவுக்கு அந்துருண்டை போட்டுக் காப்பாத்தப் பாத்த ஒரே மனுஷன் நீங்கதாங்க," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல்தான் அடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. நாலு புழுவையும் திரும்ப அரளிச் செடியிலேயே கொண்டுபோய் விட்டாள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அப்பா, இனிமே நீ உயிருள்ள எதையும் தொடக் கூடாது."

"பூனையைக்கூடவா?"

"பூனையைக்கூட."

"செடிக்குத் தண்ணி ஊத்தலாமில்ல?"

"அம்மா ஊத்துவாங்க. நீ துணியைத் தொடுப்பா. துணிக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாது," என்று எதிரொலி ஆறுதலாக அவன் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் கோபித்துக்கொண்டு போயிருப்பான். டாக்டர் நோயாளிக்குச் சொல்வதுபோல அவள் பொறுமையாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் பூங்காவுக்குப் போய் மரப்பட்டைமேல் காகிதம் வைத்துத் தேய்த்து அச்செடுத்தால், டெய்லர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். குளத்தில் தவளைக்குஞ்சு பார்த்தால், கரையில் செருப்புகளுக்குக் காவல் இருந்தான். மகள் குனிந்து எதையாவது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "அம்மா, இங்க வாயேன்!" என்று கத்தும்போதெல்லாம் அவன் கால் தானாக ஓரடி முன்னால் போகும். பிறகு நினைவு வந்து நின்றுவிடும்.

அந்த ஐந்தாவது புழு மட்டும் உயிரோடு கிடைத்துவிட்டால் போதும். மகள் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கலாம். கடையைத் தலைகீழாகப் புரட்டினான். தைத்து முடித்த சட்டைகளின் கைக்குள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தான். கால்சட்டைப் பைகளை ஒன்றுவிடாமல் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து இழுத்தான். புழு இருக்கிற சுவடே இல்லை.

இதற்கு நடுவில் பேண்ட் மாஸ்டரின் கோட் வேறு. அடுத்த வாரச் சனிக்கிழமை மாலை பூங்காவில் கச்சேரி. அதற்காக நல்ல ரத்தச் சிவப்பில் ஒரு கோட். நெஞ்சுக்குக் குறுக்கே தங்க நிறக் கயிறு, கயிற்றிலிருந்து பக்கத்துக்கு ஆறாகத் தொங்கும் தங்க நிறக் குஞ்சலங்கள். குஞ்சலம் என்றால் நூல் குஞ்சலம் இல்லை. சுண்டுவிரல் நுனி அளவில், உலோகத்தில் செய்த சின்னச் சின்ன மணி மாதிரி. பக்கத்துக்கு ஆறு தைத்து, கோட்டை ஜன்னலோரம் ஹேங்கரில் மாட்டினான்.

புழு காணாமல்போன இரண்டு மூன்று நாள் கழித்துக் கோட்டைப் பார்த்தபோது இடப்பக்கம் ஏழு இருந்தது.

வேறு யாராக இருந்தாலும், "இதென்ன ஏழாவது?" என்று கிட்டே போய்ப் பார்த்திருப்பார்கள். டெய்லருக்குத் தன்மேல்தான் சந்தேகம் வந்தது. ஆறுதானே தைத்தோம்? தைத்தோமா? டப்பாவில் மிச்சமும் சரியாக இருக்கிறதே என்று எண்ணிப் பார்த்தான். சரி, கடைக்காரர் ஒன்று கூடவே போட்டிருப்பார், நாமும் பேச்சு சுவாரஸ்யத்தில் கூடவே தைத்திருப்போம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டான். ஆனாலும் அந்த ஏழாவதைப் பிரிக்க மனசு வரவில்லை. மற்றதெல்லாம் மங்கல். இது மட்டும் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி தகதகத்தது. தைத்ததிலேயே இதுதான் உருப்படி என்று தோன்றியது.

அதனால் அவன் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தான். வலப்பக்கமும் ஓர் ஏழாவது குஞ்சலம் தைத்து ஜோடி சேர்த்தான். பிறகு மெல்லிய துணியால் எல்லாவற்றையும் துடைத்தான். அந்த ஒன்றைத் துடைக்கும்போது அது இடுப்பை ஒரு வெட்டு வெட்டியது. காற்றில் ஆடுகிறது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து துடைத்தான்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மாஸ்டர் வந்தார். கச்சேரி ஐந்து மணிக்கு. வாத்தியக்காரர்கள் கொம்பும் தாரையும் மேளமும் தாளத்தட்டுமாகத் தெருவில் நின்றார்கள். மாஸ்டர் நல்ல ஆகிருதி. பேசும்போதுகூட இரண்டு கையையும் வீசி வீசித்தான் பேசுவார். அவர் 'வணக்கம்' சொன்னாலே பக்கத்தில் நிற்கிறவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள்.

கோட்டைப் போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதம். கையைத் தூக்கிப் பார்த்தார். அக்குள் பிடிக்கவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் உயர்த்தி, கச்சேரி தொடங்குகிற பாவனையில் நின்றவர், சட்டென்று முகம் சுளித்தார்.

"என்னப்பா இது? ஒண்ணு மட்டும் கறுத்துப்போச்சு?"

டெய்லர் எட்டிப் பார்த்தான். உண்மைதான். எது முகம் பார்க்கிற கண்ணாடியாக இருந்ததோ, அதுவே இப்போது அடுப்புக்கரியாக இருந்தது.

"நேத்துகூட நல்லா இருந்தது சார்..."

"முலாம் போயிடுச்சு. போலி! வெட்டி எறி. நேரமாச்சு."

டெய்லர் கத்தரிக்கோலை எடுத்தான். இரண்டு அலகுக்கும் நடுவே அதன் காம்பைக் கொண்டுவந்தான். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து இன்ஸ்பெக்டர் வந்தாள்.

"அப்பாஆஆ!"

"அப்பாஆஆ!" என்று பின்னாலேயே எதிரொலி.

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மாஸ்டரின் நெஞ்சுக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்தாள். அவள் மூச்சு மாறியது.

"அப்பா, இது குஞ்சலம் இல்ல. கூட்டுப்புழு. நம்ம அஞ்சாவது. பாரு, உள்ள இறக்கை தெரியுது. வெள்ளைப் புள்ளி தெரியுது. இப்பவே வெளிய வரப்போகுது!"

டெய்லர் கத்தரிக்கோலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான். புழுவைத் தேடிக் கடையையே புரட்டியவன், அதை எண்ணி, அதற்கு ஜோடி தைத்து, பாலிஷ் வேறு போட்டிருக்கிறான்.

"புழுவா? என் கோட்லயா?" மாஸ்டர் கத்தினார். "வெட்டுய்யா!"

டெய்லர் வாடிக்கையாளரிடம் 'இல்லை' என்று சொல்லிப் பழகாதவன். காலரைப் பின்பக்கம் வை என்றால்கூட, எந்த அளவு பின்பக்கம் என்று கேட்கிறவன். அவன் கத்தரிக்கோலை மூடி மேஜைமேல் வைத்தான்.

"வெட்ட மாட்டேன் சார்."

"என்னது?"

"கோட்டுக்குக் காசே வேணாம் சார். வெட்ட மட்டும் மாட்டேன்."

மாஸ்டர் கழற்றுவதற்காகக் கையை இறக்கப் போனார்.

"அசையாதீங்க!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

முப்பது வாத்தியக்காரர்களை மாஸ்டர் எந்தக் குரலில் மிரட்டுவாரோ, அச்சு அசல் அதே குரல். மனுஷர் தூக்கிய கை தூக்கியபடி சிலையாகிவிட்டார்.

"கையை இறக்கினா துணி சுருங்கும். சுருங்கினா அது விழுந்துடும். விழுந்தா இறக்கை விரியாது," என்றாள் அவள். "கொஞ்ச நேரம்தான் மாமா."

"மாமா," என்று எதிரொலி வாயில் ஜாமோடு கெஞ்சினாள்.

"எவ்வளவு நேரம்?" என்றார் மாஸ்டர், உதடு அசையாமல்.

"அதைக் கேட்டாத்தான் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் மாஸ்டரின் கை தளர ஆரம்பித்தது. டெய்லர் ஓடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டு முழங்கையையும் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, தன் கண்ணுக்கு முன்னால் இருப்பது மாஸ்டரின் முதுகு மட்டும் என்று. அகலமான சிவப்பு முதுகு. நடுவில் தான் போட்ட தையல். அது நேராகத்தான் இருந்தது. அதில் இப்போது என்ன சந்தோஷம்?

"என்ன ஆகுது? சொல்லேன்!"

"இரு, இரு. கீழ கீறல் விழுது."

அந்தச் சமயம் காலை வேலை முடிந்து மனைவி வந்து சேர்ந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். கையைத் தூக்கி நிற்கிற ஆளையும், பின்னாலிருந்து அவரைத் தாங்கி நிற்கிற புருஷனையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, யாராவது கொள்ளையடிக்க வந்திருக்காங்களா?"

"உஷ்! அம்மா, பிரசவம்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"யாருக்கு?" என்று மாஸ்டரின் வயிற்றைப் பார்த்தாள் அவள்.

தெருவில் வாத்தியக்காரர்களுக்குப் பொறுமை போய்விட்டது. தாரைக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, "மாஸ்டர், ஒரு தடவை வாசிச்சுப் பாத்துடலாமா?" என்றார். வேறு வழியில்லாமல் மாஸ்டர் புருவத்தாலேயே நடத்த ஆரம்பித்தார். இடது புருவம் ஏறினால் கொம்பு, வலது புருவம் ஏறினால் தாரை. இரண்டும் சேர்ந்தால் மெதுவாக. மேளக்காரர் இன்ஸ்பெக்டரின் உத்தரவுப்படி சுண்டுவிரலால் தட்டினார். ஒரு வசந்தப் பாட்டு பூனை நடை நடந்து வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மாஸ்டருக்கு மூக்கு அரித்தது. அவர் மூக்கைச் சுளித்தார். அதுவும் ஏதோ சைகை என்று நினைத்த தாளத்தட்டுக்காரர் ஒரு போடு போட்டார் பாருங்கள், எதிர்வீட்டுப் பூனை கூரையிலிருந்து கூரைக்குத் தாவியது.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள் இன்ஸ்பெக்டர்.

"வந்துடுச்சு!"

"எப்படி இருக்கு? எப்படி இருக்கு?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து டெய்லர் துடித்தான்.

"காலெல்லாம் வெளிய. காலிக் கூட்டையே பிடிச்சுத் தொங்குது. ஆனா அப்பா... இறக்கை கசங்கியிருக்கு. ரொம்பச் சுருக்கம்."

"இஸ்திரி போட்டுடலாமா?"

"அப்பா!"

வாய் தவறி வந்துவிட்டது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஓட்டுநர் சீருடையில் இருந்த மனைவி, முந்தானையை வாயில் அடைத்துக்கொள்ள வழியில்லாமல், தொப்பியை அடைத்துக்கொண்டாள்.

"தானா விரியுதுப்பா. மெதுவா. கறுப்பு. இல்ல, காபிக் கலர். ஓரத்துல வெள்ளை வெள்ளையா புள்ளி, நீ கோட் ஓரத்துல தையல் போடுவியே, அது மாதிரி. சின்னச் சின்னதா, வரிசையா."

"வரிசை நேரா இருக்கா?"

"நேரா இருக்கு."

டெய்லர் கண்ணை மூடிக்கொண்டான். முதுகைப் பார்ப்பதைவிட அவள் சொல்வதைப் பார்ப்பது நன்றாக இருந்தது. முழங்கையைத் தாங்கிய தோள் இற்று விழுவதுபோல வலித்தது. விடவில்லை.

நாலரை மணி ஆனது. பட்டாம்பூச்சி கோட்டின்மேல் ஒரு சொட்டு செம்பழுப்பு நீர் விட்டது.

"என்னமோ ஈரமா இருக்கே?" என்றார் மாஸ்டர்.

"இறக்கையை விரிச்சது போக மிச்சம், மாமா. வெளிய வந்ததும் எல்லாப் பட்டாம்பூச்சியும் விடும்."

"விடும்!" என்று எதிரொலி தெரு முழுக்கக் கேட்கிறமாதிரி அறிவித்தாள்.

"நல்லவேளை, துணி சிவப்பு," என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

ஜன்னலில் மறுபடியும் தாரைக்காரரின் தலை. "மாஸ்டர், ஜனம் உக்காந்துட்டாங்களாம்."

இனி அவரை நிறுத்த முடியாது. பூச்சியையும் அப்படியே அனுப்ப முடியாது. இறக்கை விரிந்துவிட்டது, ஆனால் இன்னும் முழுசாகக் காயவில்லை. இன்ஸ்பெக்டர் யோசித்தாள். அதை ஒரு விரலில் ஏற்றித்தான் எடுக்க வேண்டும். விரல் கொஞ்சமும் ஆடக் கூடாது. தன் கையை நீட்டிப் பார்த்தாள். ஆனந்தத்தில் அது படபடவென்று ஆடியது. எதிரொலியின் கையில் ஜாம். அம்மாவின் கையைப் பார்த்தாள். காலை முழுக்க ஸ்டீயரிங் பிடித்த கை, இன்னும் வண்டி ஓடுகிறமாதிரியே லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் முக்காலியிலிருந்து இறங்கி, சுற்றிக்கொண்டு முதுகுப் பக்கம் வந்தாள். டெய்லரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஊசிக்காதில் நூல் கோக்கும்போது அந்தக் கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அப்பா, நீ வா."

"நானா?" என்றான் டெய்லர். "நான் தொடலாமா?"

"நீ தொடாத. விரலை மட்டும் நீட்டு. அது உன்னைத் தொடட்டும்."

முழங்கைகளை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு முன்னால் வந்தான். அப்போதுதான் முதல்முறையாக அதைப் பார்த்தான். சொன்னது அத்தனையும் சரி. ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலை அதன் கால்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். விரல் மேஜைக்கால் மாதிரி நின்றது. மற்ற பாகமெல்லாம் நடுங்கியது. பட்டாம்பூச்சி ஒரு காலை வைத்துப் பார்த்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. அவனுக்கு அந்தச் சந்தேகம் நன்றாகப் புரிந்தது. பொறுமையாகக் காத்திருந்தான். கடைசியில் ஏறிவிட்டது.

மாஸ்டர் பொத்தென்று கையை இறக்கி, "அம்மாடி!" என்று ஒரு மூச்சு விட்டார். ஒரு பக்கம் ஆறு குஞ்சலமும் ஒரு காலி ஓடும், மறு பக்கம் ஏழுமாகத் தெருவில் இறங்கி ஓடினார். வாசலில் ஒரு கணம் நின்று திரும்பி, "ஆம்பளைப் பிள்ளையா, பொம்பளைப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

டெய்லர் ஊர்வலத்தில் விளக்கேந்துகிறவன் மாதிரி கொல்லைப்பக்கம் நடந்தான். முன்னால் இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்துவிட்டாள். பின்னால் எதிரொலி. வெயில் சாய்ந்திருந்தது. பக்கத்து மதில்மேல் ஏதோ கொடி பூத்திருந்தது. எல்லோரும் நின்றார்கள். பட்டாம்பூச்சி இறக்கையைத் திறந்து மூடியது. திறந்து மூடியது.

"அப்பா, மூச்சு விடலாம்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் அவன் விட்டான். ரொம்ப நேரமாகச் சேர்த்து வைத்திருந்த மூச்சு. பட்டாம்பூச்சி விரலைவிட்டுக் கிளம்பி, தள்ளாடி, மதிலில் முட்டப் பார்த்து, தப்பித்து, கொடியைத் தாண்டிப் போய்விட்டது.

"ஐயோ, நான் ஊதிட்டேனா?"

"இல்லப்பா. அது தானாப் போச்சு."

"நிஜமாவா? இன்னும் காயலையோ? கொஞ்சம் பொறுத்து விட்டிருக்கலாமோ?"

"காஞ்சிடுச்சுப்பா."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் வேணா ஒரு தடவை மதிலுக்கு அந்தப்பக்கம் போய்..."

"ஏங்க!" என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் அவன் விரலைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"நல்லாத் தேச்சுக் கழுவுப்பா. நாளைக்கு மண்புழு."

"மண்புழு!" என்றாள் எதிரொலி.